ஓட்டு போகிற வழியே ஆறு நாள்: வேலூர்த் தொகுதிப் பயணக் குறிப்பு

முதல் நாள், வேலூர் கோட்டை

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. ஆறு இருக்கும், தண்ணீர் இருக்காது. கோட்டை இருக்கும், ராஜா இருக்க மாட்டார். கோயில் இருக்கும், சாமி இருக்காது. கடைசிக் குறை 1981-இல் தீர்ந்தது. ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். 2019-இல் பட்டியலில் புதிதாக ஒன்று சேர்ந்தது: தொகுதி இருக்கும், எம்.பி. இருக்க மாட்டார். மே 23-ஆம் தேதி 542 தொகுதிகளின் முடிவு வந்தபோது விடுபட்டு நின்ற ஒன்று வேலூர்.

நடந்தது இதுதான். ஏப்ரல் 18 வாக்குப்பதிவு. அதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு கட்சிப் பிரமுகருக்கு வேண்டியவர்களின் இடங்களில் வருமான வரித் துறை சோதனை. சிமென்ட் கிடங்கில் சிக்கிய ரொக்கம் 11 கோடியே 48 லட்சம். வார்டு வாரியாகக் கட்டி வைத்திருந்தார்கள் என்று அப்போது செய்தி. ஏப்ரல் 16 மாலை, பதிவுக்கு இரண்டே நாள் இருக்கும்போது, குடியரசுத் தலைவர் அறிவிக்கையைத் திரும்பப் பெற்றார். பணத்துக்காக ரத்தான முதல் மக்களவைத் தேர்தல் என்ற பெயர் வேலூருக்கு வந்தது.

தேர்தல் ஆணையமே ஏன் ரத்து செய்யவில்லை என்று இன்றும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். மக்களவைத் தேர்தலுக்கான அறிவிக்கை குடியரசுத் தலைவர் பெயரில்தான் வரும். போட்டவர்தான் எடுக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை நிறுத்த மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 58ஏ பிரிவு இருக்கிறது. பணம் கொடுத்தால் நிறுத்த அப்படி ஒரு பிரிவு கிடையாது. அரசியல் சாசனத்தின் 324-ஆவது பிரிவையும் பொது உட்பிரிவுகள் சட்டத்தையும் சேர்த்துத்தான் இந்த மாதிரி ஆணைகள் போடப்படுகின்றன. சென்னை ஆர்.கே. நகர் சட்டமன்ற இடைத்தேர்தலை 2017-இல் நிறுத்தியதும் அதே வழியில்.

கோட்டை எதிரே டீக்கடையில் தேர்தல் பேச்சை எடுத்தால் முதலில் வருவது இயந்திரம். "மிஷின்ல இன்னா வேணா பண்ணுவாங்கோ சார்." இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் ஓட்டு என்பது மிஷினில் தொடங்கி மிஷினில் முடிவதில்லை. பட்டியலில் பெயர் ஏறுவதில் தொடங்கி உயர் நீதிமன்றம் வரை அதற்கு ஒரு வழி இருக்கிறது. அந்த வழியில் எங்கே பள்ளம், எங்கே பாலம் என்று பார்ப்பதுதான் இந்த ஆறு நாள் வேலை.

போகிற போக்கில் ஒரு குறிப்பு. பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் காட்பாடி. மாநகராட்சி ஒன்றுதான், மக்களவைத் தொகுதி வேறு. காட்பாடிக்காரர் அரக்கோணத்துக்கு ஓட்டுப் போடுகிறார். வேலூர்த் தொகுதி என்பது வேலூர், அணைக்கட்டு, கீழ்வைத்தினான்குப்பம், குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி. பழைய வட ஆற்காட்டை 1989-இலும் 2019-இலும் வெட்டி வெட்டி மாவட்டம் நாலாகிவிட்டது, தொகுதி எல்லை அப்படியே நிற்கிறது. அதனால் ஒரே தொகுதிக்கு இரண்டு மாவட்ட நிர்வாகம்.

இரண்டாம் நாள், குடியாத்தம்

1954-இல் முதலமைச்சரான காமராஜர் சட்டமன்றத்துக்குள் வந்தது இந்த ஊர் இடைத்தேர்தல் வழியாக. 2019-இல் இதே ஊரில் இன்னொரு இடைத்தேர்தல் விசித்திரம். ஏப்ரல் 18 அன்று நடக்க இருந்த மக்களவைத் தேர்தல் ரத்து. ஆனால் குடியாத்தம், ஆம்பூர் சட்டமன்ற இடைத்தேர்தல்கள் அதே நாளில் நடந்தன. அதே வாக்காளர், அதே சாவடி, அதே விரல் மை. எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கக் கெட்டுப்போன சூழல் எம்.எல்.ஏ.வுக்கு மட்டும் எப்படிச் சுத்தமாக இருந்தது என்ற கேள்விக்கு மக்கள் மனம் ஒப்புகிற பதில் இதுவரை வரவில்லை. சட்டப்படி தனித்தனி அறிவிக்கை என்பது சரி. ஆனால் ஒரு தேர்தல் நேர்மையாக நடந்தால் மட்டும் போதாது, நடந்ததாகத் தெரியவும் வேண்டும். அந்த இரண்டாவது பாதியை இங்கே கோட்டை விட்டார்கள்.

அடுத்த பேச்சு வாக்காளர் பட்டியலைப் பற்றி. 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் டிசம்பர் 19-இல் வரைவுப் பட்டியல் வந்தது. தமிழ்நாட்டில் 6.41 கோடியாக இருந்தது 5.43 கோடியானது. 97 லட்சத்துக்கு மேல் பெயர் அந்த வரைவில் இல்லை. இறந்தவர், குடிபெயர்ந்தவர், வீட்டில் இல்லாதவர், இரண்டு இடத்தில் பதிவானவர் என்று காரணம். பெரும்பகுதி உண்மையாகவே இருக்கும். வருடக்கணக்கில் யாரும் கழிக்காத பெயர்கள் அவை. சிக்கல் குடியாத்தம் மாதிரி ஊரில்தான். லுங்கித் தறியும் தீப்பெட்டியும் போதாமல் குடும்பத்தோடு பெங்களூரு போய் வேலை பார்த்து, பண்டிகைக்கும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கும் வந்து போகிறவர் எந்தக் கணக்கு? பி.எல்.ஓ. என்கிற சாவடி நிலை அலுவலர் மூன்று தடவை வந்தபோதும் கதவு பூட்டியிருந்தால் 'இல்லாதவர்'.

பழைய பட்டியலில் பெயர் தேடுவதில் இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. 2002, 2005 பட்டியலோடு பொருத்திப் பார்க்கச் சொன்னார்கள். 2008 மறுவரையறையில் பேரணாம்பட்டு என்ற சட்டமன்றத் தொகுதியே காணாமல் போய், அந்த ஊர் குடியாத்தத்தில் சேர்ந்தது. கீழ்வைத்தினான்குப்பம் புதிதாக முளைத்தது. ஆகவே பேரணாம்பட்டுக்காரர் குடியாத்தத்தின் பழைய பட்டியலைப் புரட்டினால் அப்பன் பெயரும் கிடைக்காது, பாட்டன் பெயரும் கிடைக்காது. பழைய தொகுதிப் பெயரில்தான் தேட வேண்டும். 'பெயரே இல்லை' என்று பதறியவர்களில் பலர் தவறான பெட்டியைத் திறந்தவர்கள்.

செய்ய வேண்டியது: முதலில் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் பாருங்கள். பெயர் இல்லையென்றால் சாவடி வாரியான நீக்கப் பட்டியலைக் கேட்டு வாங்கி எந்தக் காரணம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். நீக்கப்பட்டவர் கொடுக்க வேண்டியது 6-ஆம் படிவமும் உறுதிமொழியும். 8-ஆம் படிவம் பெயர் இருக்கிறவருக்குத்தான், திருத்தத்துக்கும் முகவரி மாற்றத்துக்கும். பெயர் போனவர் 8-ஐக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் காத்திருந்ததுதான் மிச்சம். இன்னொருவர் பெயரை நீக்கச் சொல்வது 7-ஆம் படிவம். கட்சியின் சாவடி முகவர் வரைவுக்குப் பிறகு நாளுக்கு 10 விண்ணப்பம் வரைதான் கொடுக்கலாம். மொத்தம் 30 தாண்டினால் பதிவு அலுவலர் தானே சரிபார்க்க வேண்டும். யாரோ கட்டுக்கட்டாக 7-ஐக் கொண்டுவந்து வைத்தால் முதலில் கேட்க வேண்டியது இந்த எண்ணிக்கையை.

பீகாரில் 65 லட்சம் பெயர் விடுபட்டபோது, காரணத்தோடு பெயர்களை வெளியிடு என்று 2025 ஆகஸ்ட் 14-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் இந்த நீக்கப் பட்டியல் பொதுவுக்கு வந்தது. கேட்காமல் கிடைத்ததல்ல.

மூன்றாம் நாள், அணைக்கட்டு, ஒடுகத்தூர், மலைமேல்

இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வாங்க ஏற்ற சாலை. ஒடுகத்தூர் தாண்டினால் ஏற்றம். மேலே பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு. தொகுதியின் கடினமான சாவடிகள் இங்கேயும், வாணியம்பாடிப் பக்கம் நெக்னாமலையிலும். நெக்னாமலைக்குச் சாலை இல்லாத காலத்தில் பெட்டிகள் தலைச்சுமையாக ஏறின.

இயந்திரம் சாவடிக்கு வரும் முன் நடப்பவை: தயாரித்த நிறுவனத்துப் பொறியாளர்கள் கட்சிக்காரர் முன்னிலையில் முதல்நிலைச் சோதனை செய்வார்கள். பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பி.இ.எல்.), ஐதராபாத்தின் இ.சி.ஐ.எல். இரண்டுதான் தயாரிப்பாளர். 5 சதவீத இயந்திரங்களில் நூற்றுக்கணக்கில் மாதிரி ஓட்டுப் போட்டுப் பார்ப்பார்கள். தேறியதன் மேல் இளஞ்சிவப்பு முத்திரைத் தாள், கட்சிக்காரர் கையெழுத்து. பிறகு கணினிக் குலுக்கல் இரண்டு தடவை: எந்தச் சட்டமன்றத் தொகுதிக்கு என்று ஒன்று, எந்தச் சாவடிக்கு என்று இன்னொன்று. இரண்டாவது குலுக்கலின் பட்டியலில் சாவடி எண்ணும் இயந்திர எண்ணும் இருக்கும். வேட்பாளருக்கு அதன் நகல் கிடைக்கும். அதைச் சாவடி வாரியாக வெட்டி ஒவ்வொரு பூத் ஏஜென்டிடமும் கொடுக்காத கட்சி, பிறகு மிஷினை மாத்திட்டாங்க என்று சொன்னால் எடுபடாது.

போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் கருவி விவிபாட். அதில் சின்னங்களை ஏற்றும் கட்டம்தான் நிபுணர்களே கவலைப்படுவது. அதுவரை எந்தப் பொத்தான் எந்தக் கட்சி என்று கருவிக்குத் தெரியாது. சின்னம் ஏற்றிய பிறகு விவிபாட்டுக்குத் தெரியும். அதனால்தான் சின்னம் ஏற்றும் கருவியையும் முத்திரையிட்டு 45 நாள் வைத்திரு என்று 2024 ஏப்ரல் 26-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

பதிவு நாள் காலை. 7 மணிக்குப் பதிவு என்றால் 5.30-க்கு மாக் போல், அதாவது மாதிரி ஓட்டுப்பதிவு. ஏஜென்ட் வரவில்லை என்றால் 15 நிமிடம் பார்த்துவிட்டுத் தொடங்கிவிடுவார்கள். குறைந்தது 50 ஓட்டு, நோட்டா உட்பட எல்லாப் பொத்தானுக்கும். ரத்தான தேர்தல் திரும்ப நடந்த 2019 ஆகஸ்டில் இங்கே 28 பேர் போட்டி. வாக்காளர் அழுத்தும் பேலட் யூனிட் ஒன்றில் 16 பொத்தான்தான், எனவே இரண்டு யூனிட். கடைசி வேட்பாளர் பொத்தானையும் அழுத்திப் பார்க்க வைப்பது ஏஜென்டின் வேலை. பிறகு ஓட்டைக் கணக்கில் வைக்கும் கன்ட்ரோல் யூனிட்டில் க்ளோஸ், ரிசல்ட், க்ளியர், இந்த வரிசையில். விவிபாட் சீட்டுகளை எடுத்து எண்ணிச் சரிபார்த்து, முதுகில் மாக் போல் முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு ஒட்டுவார்கள். காலிப் பெட்டியைக் காட்டி முத்திரை வைப்பார்கள்.

பிசகு அதிகம் நடக்கும் இடம் இந்த க்ளியர்தான். அவசரத்தில் மறந்தால் 50 மாக் ஓட்டும் கணக்கில் நிற்கும். நாடு முழுவதும் 41,629 விவிபாட் எண்ணிக்கையில் பொருந்தாமல் போனதாக நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது ஒன்றே ஒன்று, ஆந்திராவின் மைதுகூர், 2019. காரணம் அழிக்காத மாக் ஓட்டு.

மற்ற கோளாறுகள் சின்னவை, ஆனால் வதந்திக்கு நல்ல தீனி. விவிபாட்டின் பின்பக்கத் திருகு பயண நிலையிலேயே இருந்தால் பிழை காட்டும். கன்ட்ரோல் யூனிட்டை அணைக்காமல் ஒயரைச் செருகினால் காட்டும். ஜன்னல் வெளிச்சமோ பல்ப் வெளிச்சமோ நேரே விழும்படி வைத்தாலும் தகராறு. பதிவு நடக்கும்போது விவிபாட் மட்டும் பழுதானால் அது மட்டும் மாறும். மற்ற இரண்டில் எது பழுதானாலும் மூன்றும் சேர்ந்து மாற வேண்டும், புதிதில் வேட்பாளருக்கு ஒன்றாக மாக் ஓட்டுப் போட வேண்டும். மாற்று இயந்திரத்தின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்; குலுக்கல் பட்டியலில் அந்தச் சாவடிக்கு நேரே அது இருக்காது.

சீட்டு கண்ணாடியில் தெரிவது 7 விநாடி. வேறு சின்னம் தெரிந்தது என்று ஒருவர் சொன்னால் தேர்தல் நடத்தை விதிகளின் 49எம்ஏ-படி எழுதிக் கொடுத்துவிட்டு எல்லோர் முன்னும் சோதனை ஓட்டுப் போடலாம். பொய்யென்று ஆனால் வழக்கு. சொல்பவர் குறைவதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம். புகார் இல்லை என்பதை மட்டும் வைத்துப் பிழை இல்லை என்று வாதாடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாலை 6 மணிக்கு வரிசையில் நிற்பவருக்குக் கடைசி ஆளிலிருந்து டோக்கன். எல்லாம் முடிந்து க்ளோஸ் அழுத்திய பிறகு வருகிறது ஆறு நாளிலும் முக்கியமான தாள்: 17சி படிவம். கருவிகளின் எண்கள், முத்திரைத் தாள்களின் எண்கள், 17ஏ வாக்காளர் பதிவேட்டில் கையெழுத்திட்டவர் எத்தனை, இயந்திரத்தில் மொத்தம் எத்தனை. தலைமை அலுவலர் கையெழுத்திட்ட நகலை ஏஜென்டிடம் கொடுத்தாக வேண்டும். மலைச்சாவடியில் கடைசி ஜீப்புக்கு நேரமாகிறது என்று ஏஜென்டுகள் 6 மணிக்கே இறங்கிவிடுவதும் நடக்கும். இறங்கியவர் கட்சிக்கு அந்தச் சாவடியைப் பற்றிப் பிறகு சொல்ல எதுவும் இல்லை.

நான்காம் நாள், வாணியம்பாடி, ஆம்பூர்

பிரியாணி பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சதவீதம் பற்றிப் பார்ப்போம்.

2024 ஏப்ரல் 19 இரவு 7 மணிக்குத் தமிழ்நாட்டின் பதிவு 72.09 சதவீதம் என்றார்கள். நள்ளிரவு தாண்டி 69.46 ஆனது. கடைசியில் 69.72. ஓட்டு ஏறலாம், எப்படி இறங்கும்? விளக்கம் எளியது. முதல் எண் செயலியில் வந்த தோராயம். எல்லாச் சாவடியும் அனுப்பவில்லை, வந்ததை வைத்துச் சராசரி. பொய் இல்லை, ஆனால் தசமத்தில் இரண்டு இலக்கம் போட்டுச் சொன்னால் மக்கள் அதை எண்ணி முடித்த கணக்கென்றுதான் எடுத்துக்கொள்வார்கள். தோராயத்துக்கு 72 என்றே சொல்லியிருந்தால் பாதிச் சந்தேகம் பிறந்திருக்காது.

நாடு முழுவதற்கும் முதல் கட்டத்தின் இறுதிச் சதவீதம் வந்தது ஏப்ரல் 30-இல், 11 நாள் கழித்து. சதவீதம் மட்டும், ஆள் எண்ணிக்கை இல்லை. அது மே 25-இல் வந்தது. ஒவ்வொரு சாவடியிலும் அன்று இரவே 17சி-யில் எழுதி முடிந்த எண்ணைக் கூட்டிப் போட ஏன் இவ்வளவு நாள் என்ற கேள்வி நியாயமானது. 17சி-யைப் பொதுவில் வெளியிடச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பது ஆணையத்தின் பதில். சட்டம் தடுக்கவும் இல்லையே.

ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் (ஏ.டி.ஆர்.) என்ற தன்னார்வ அமைப்பு பிறகு ஒரு கணக்குச் சொன்னது: 362 தொகுதிகளில் பதிவானதைவிட 5,54,598 ஓட்டு குறைவாகவும் 176 தொகுதிகளில் 35,093 கூடுதலாகவும் எண்ணப்பட்டது என்று. குறைவுக்கு வழி தெரிகிறது. மாக் ஓட்டு அழியாத இயந்திரம், 17சி-யோடு பொருந்தாத இயந்திரம் ஆகியவற்றை ஒதுக்கி வைப்பார்கள். வெற்றி வித்தியாசத்தைப் பாதிக்காவிட்டால் எண்ணாமலே விடுவார்கள். கூடுதலுக்கு அந்த விளக்கம் பொருந்தாது. தபால் ஓட்டைச் சேர்த்துப் பார்த்துக் குழம்பும் வேறு பட்டியல்களும் சுற்றுகின்றன. ஒப்பிடும்போது இயந்திர ஓட்டை இயந்திர ஓட்டோடு மட்டும் வையுங்கள்.

ஐந்தாம் நாள், மீண்டும் வேலூர், பாகாயம் சாலை

2024-இல் வேலூரின் ஓட்டுகள் எண்ணப்பட்டது தந்தை பெரியார் அரசு பொறியியல் கல்லூரியில். பதிவு இரவே பெட்டிகள் வந்து இரட்டைப் பூட்டில் அடையும். உள்ளே துணை ராணுவம், வெளியே மாநிலக் காவல். கட்சிக்காரர் வெளி வளையத்தில் உட்கார்ந்து திரையைப் பார்க்கலாம். ஏப்ரல் 27 அன்று நீலகிரியில் இந்தத் திரைகள் சிறிது நேரம் இருண்டன. வெயிலில் கருவி சூடாகிவிட்டது என்றார்கள். அறைப் பூட்டில் கைபடவில்லை என்றாலும், திரை இருண்ட அந்த நேரம்தான் பேச்சில் நிற்கிறது. இரவில் லாரியில் மிஷின் போகிறது என்று வரும் வீடியோக்களில் பல, பதிவுக்குப் பயன்படாத கையிருப்பு இயந்திரங்கள். அவற்றை வேறு இடத்தில், முன்கூட்டிச் சொல்லி, பகலில் நகர்த்தினால் வீடியோவே இராது.

எண்ணும் நாள்: சட்டமன்றத் தொகுதிக்கு 14 மேஜை. முதலில் தபால் ஓட்டு, அரை மணி கழித்து இயந்திரம். மேஜை ஏஜென்ட் கையில் 17சி நகல் இருந்தால் மூன்று விநாடி வேலை: கருவி எண் சரி, முத்திரை எண் சரி, மொத்தம் சரி. இல்லாதவர் வேடிக்கை பார்க்கலாம். கடைசியில் விவிபாட் குலுக்கல். அஞ்சலட்டை அளவு வெள்ளை அட்டையில் சாவடி எண், நான்காக மடித்துப் பெட்டியில் போட்டுக் குலுக்கிச் சட்டமன்றத் தொகுதிக்கு 5 எடுப்பார்கள். கம்பி வலை போட்ட காசாளர் கூண்டு மாதிரி ஒரு அறையில் 25 சீட்டுக்கு ஒரு கட்டாக எண்ணுவார்கள். இயந்திரமும் சீட்டும் முரண்பட்டால் சீட்டுதான் வெல்லும்.

5 போதுமா? வேலூரே இதற்குக் கணக்குப் பலகை. ஆறு தொகுதிக்கு ஐந்தாக 30; மொத்தச் சாவடி ஏறத்தாழ 1,500. 2019 ஆகஸ்டில் தி.மு.க.வின் கதிர் ஆனந்த் 4,85,340, எதிர்த்து நின்ற ஏ.சி. சண்முகம் 4,77,199, வித்தியாசம் 8,141. இந்த முடிவைப் புரட்ட 4,071 ஓட்டு இடம் மாறினால் போதும். யாரோ இயந்திரத்துக்கு 100 ஓட்டு மாற்றினார் என்று வையுங்கள். 41 இயந்திரம் போதும். 1,500-இல் 41 கெட்டது, 30 எடுத்துப் பார்த்தால், ஒன்றுகூடச் சிக்காமல் போக வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 43. நாணயத்தைச் சுண்டிப் போட்ட கதை. அதே ஆள் பயந்து இயந்திரத்துக்கு 20 ஓட்டு மட்டும் மாற்றினால் 204 இயந்திரம் வேண்டும். தப்பும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று.

இப்போது 2024. அதே இருவர், வித்தியாசம் 2,15,702. புரட்ட 1,07,852 ஓட்டு. நூறு நூறாக மாற்றினால் ஆயிரத்துச் சொச்சம் இயந்திரம். 30 எடுத்தால் தப்ப வழியே இல்லை.

ஆகவே, 5 போதும் என்பவரும் போதாது என்பவரும் பாதி சரி. வித்தியாசம் பெரிதானால் 5 தாராளம், சிறிதானால் காணாது. அமெரிக்காவின் கொலராடோவில் 2017 முதல் மாநிலம் முழுவதும் செய்யும் தணிக்கை இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது: வித்தியாசம் குறையக் குறைய எண்ணும் சீட்டு கூடும். இங்கே 2021-இல் காட்பாடி 746 ஓட்டில் முடிந்தது, அங்கும் ஐந்தேதான். நூறு சதவீதமும் எண்ணு என்ற கோரிக்கையை நீதிமன்றம் நிராகரித்தது சரியாகவே இருக்கட்டும். வித்தியாசத்துக்கு ஏற்ப எண்ணு என்று அந்த அளவு உரக்கக் கேட்கும் கட்சியை இன்னும் காணோம்.

ஆறாம் நாள், காட்பாடி சந்திப்பு

தோற்றவருக்கு உள்ள கதவுகளும் அவை மூடும் நேரமும்.

முடிவு அறிவிக்கும் முன்: தேர்தல் நடத்தை விதிகளின் 56டி-படி குறிப்பிட்ட சாவடிகளிலோ எல்லாச் சாவடிகளிலோ விவிபாட் சீட்டை எண்ணச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். காரணம் எழுத வேண்டும். 17சி-யில் இருப்பது ஒன்று, இயந்திரம் காட்டுவது இன்னொன்று என்று எண்ணோடு எழுதினால் அதிகாரியும் காரணத்தோடுதான் மறுக்க முடியும். சந்தேகமாக இருக்கிறது என்று மட்டும் எழுதினால் நிராகரிக்க ஒரு வரி போதும். செல்லாத தபால் ஓட்டு வித்தியாசத்தைவிட அதிகமானால் அவற்றைத் திரும்பப் பார்த்தாக வேண்டும். தபால் ஓட்டு செல்லாமல் போக முக்கியக் காரணம் கூடவே வைக்கும் 13ஏ உறுதிமொழியில் சான்றொப்பம் விடுபடுவது.

முடிவு வந்து 7 நாளுக்குள்: இரண்டாவது, மூன்றாவது இடத்தில் வந்தவர் சட்டமன்றத் தொகுதிக்கு 5 சதவீத இயந்திரங்களின் நினைவகத்தைச் சோதிக்கக் கேட்கலாம். 2024 தீர்ப்பில் வந்த வழி. மூன்று கருவி சேர்ந்த ஒரு தொகுப்புக்கு 2024-இல் 40,000 ரூபாயும் வரியும், ஆக 47,200. முறைகேடு தெரிந்தால் பணம் திரும்பும். அந்த ஆண்டு மக்களவைக்கு நாடு முழுவதும் வந்தது 8 விண்ணப்பம், அதில் தமிழ்நாட்டில் இரண்டு: விருதுநகர் 14 சாவடி, வேலூர் 6 சாவடி, சட்டமன்றத் தொகுதிக்கு ஒன்றாக. இரண்டு லட்சத்துக்கு மேல் தோற்ற தொகுதியில் ஆறு இயந்திரத்தைப் பார்த்து முடிவு மாறப் போவதில்லை. ஆனால் இந்த வழி எப்படி வேலை செய்கிறது என்று சோதிக்க அது போதும். சோதிக்கும்போது இருக்கிற தரவை அழிக்காதே, புதிதாக ஏற்றாதே என்று 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது.

45 நாளுக்குள்: உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு, பிணைத்தொகை 2,000 ரூபாய். சாவடி கேமராப் பதிவைப் பொதுமக்கள் கேட்டுப் பார்க்கும் வழியை 2024 டிசம்பரில் விதி திருத்தி அடைத்தார்கள். மனு இல்லையென்றால் 45 நாளில் பதிவை அழிக்கலாம் என்பது 2025 மே உத்தரவு. மனு போட ஆதாரம் வேண்டும், ஆதாரத்தைப் பார்க்க நீதிமன்ற உத்தரவு வேண்டும், அதற்கு மனு வேண்டும்.

ஆக, அந்த வளையத்துக்கு வெளியே வேட்பாளர் கையில் எப்போதும் இருக்கக்கூடியது சாவடியில் வாங்கிய 17சி நகல் ஒன்றுதான். வேலூர்த் தொகுதி முழுவதற்கும் ஏறத்தாழ 1,500 தாள். எண்கள் தெளிவாக இருக்கிறதா என்று சாவடியிலேயே படித்துப் பார்த்து, 3-யும் 8-உம் குழம்பினால் அங்கேயே திருத்திக் கையெழுத்து வாங்கி, அன்றிரவே தொகுதி அலுவலகத்தில் சாவடி எண் வரிசையில் அடுக்க வேண்டும்.